ஸ்ட்ரட் பிணைப்புத் தண்டு

ஸ்ட்ரட் பிணைப்புத் தண்டு என்பது தானுந்தின் முன்சக்கர ஸ்ட்ரட்டுகள் மேலே சென்று பொருந்தும் இடது, வலது கோபுரங்களைக் குறுக்கே இணைக்கும் உலோகத் தண்டு ஆகும். பணிமனைகளில் இது ஸ்ட்ரட் பார் எனப்படுகிறது. பற்றவைப்பு இன்றி நட்டுகளால் மட்டுமே இறுக்கப்படுவதால், வண்டியின் கூட்டை விறைப்பாக்கும் உறுப்புகளுள் வீட்டிலேயே பொருத்துவதற்கு எளியது இதுவே.

== தேவை ==

தீப்பெட்டியின் வெளிக்கூட்டை மட்டும் விரல்களால் அழுத்தினால் அது சாய்ந்துவிடும். உள்தட்டைச் செருகியபின் சாயாது. தனி அடிச்சட்டம் இல்லாத இன்றைய தானுந்துகளில் இஞ்சின் அறை மேற்புறம் திறந்த பெட்டியாகவே உள்ளது. வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரத்தின் சுமை ஒரு கோபுரத்தை அதிகமாகத் தள்ளுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சிறிதளவு மாற, சக்கரத்தின் சாய்கோணமும் மாறுகிறது. தண்டு இந்த அசைவைக் குறைக்கிறது.

பெரும்பாலும் மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள வண்டிகளிலேயே இது பொருத்தப்படுகிறது. 1983 இல் வெளிவந்த மாருதி 800 அவ்வகையைச் சேர்ந்தது. அம்பாசடரின் முன்புறத்தில் முறுக்குத் தண்டு அமைப்பே இருந்ததால், அதில் இணைப்பதற்குக் கோபுரங்களே இல்லை.

நேரான தண்டு இழுவிசையையும் அழுத்தவிசையையும் நன்கு தாங்கும். இஞ்சினைச் சுற்றி வளைந்து செல்லும் தண்டோ வில்லைப் போல் சற்று வளைந்து கொடுக்கும். முனைகளில் கீல் உள்ள தண்டு கோபுரங்களின் இடைவெளியை மட்டுமே காக்கும். அவை முன்பின்னாக நகர்வதைத் தடுக்காது. இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தின் வளைவுகளில் உணரப்படும் மாற்றம், நகர நெரிசலில் அநேகமாகத் தெரியாது. புதிய வண்டிகள் பலவற்றின் கூடு முன்னரே போதிய விறைப்புடன் இருப்பதால், செலவுக்கேற்ற பயன் எல்லா வண்டியிலும் கிடைப்பதில்லை.

== பொருத்துதல் ==

வண்டியைச் சமதளத்தில், நான்கு சக்கரங்களும் தரையில் ஊன்றியிருக்க நிறுத்த வேண்டும். ஜாக்கியில் உயர்த்திய நிலையில் மேல் நட்டுகளைக் கழற்றினால் ஸ்ட்ரட் கீழே இறங்கிவிடும்.

ஒவ்வொரு கோபுரத்தின் மேலும் இரண்டு அல்லது மூன்று சிறிய நட்டுகள் ஓரமாக இருக்கும். அவற்றை மட்டுமே கழற்ற வேண்டும். நடுவிலுள்ள பெரிய நட்டைத் தொடவே கூடாது. அழுத்தப்பட்ட சுருள்வில்லை அடக்கி வைத்திருப்பது அதுவே. அது விடுபட்டால் வில் பாய்ந்து உயிருக்கே ஆபத்து விளையலாம்.

தண்டின் முனைத்தகடுகளை வைத்து, எல்லா நட்டுகளையும் முதலில் கையால் திருகிய பின்னரே இறுக்குதல் வேண்டும். தகட்டின் தடிமன் மரையின் நீளத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளும். நட்டின் முழு உயரமும் மரையில் ஏறாவிட்டால் அத்தண்டு அவ்வண்டிக்கு ஏற்றதன்று. இறுக்கும் அளவை வண்டியின் பணிமனைக் கையேட்டிலிருந்து எடுத்து, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் போல்டு முறியும்.

பானட்டு தண்டில் இடிக்கிறதா என்று அறிய எளிய வழியுண்டு. பிசைந்த கோதுமை மாவு உருண்டையைத் தண்டின் மேல் வைத்து, பானட்டை மெல்ல மூடித் திறந்தால், நசுங்கிய மாவின் தடிமனே இடைவெளி. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் இறுக்கத்தையும், சக்கரங்களின் நேரமைவையும் சரிபார்த்தல் நன்று.

== கவனிக்க வேண்டியவை ==

திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று முக்கியச் சிக்கலாகும். தகட்டின் அடியில் வண்ணப்பூச்சு உரிந்த இடத்தில் ஈரம் தங்கித் துருப்பிடிக்கும். அலுமினியத் தகடு எஃகைத் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் விரைவாகும். எனவே பொருத்தும் முன் துருத்தடுப்புப் பூச்சு தேவை. முன்னரே துருவேறிய கோபுரத்தைத் தண்டு வலுப்படுத்தாது. அதன் பழுதை மறைத்துவிடக் கூடும். ஒருபக்க மோதலில் அடியின் ஒரு பகுதி தண்டு வழியே மறுபக்கக் கோபுரத்துக்கும் செல்லும் என்பதும் குறைபாடே.

1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அப்பிரிவு இத்தண்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆயினும் கோபுரத்தில் புதிதாகத் துளையிட வேண்டிய வகையாயின், வண்டி பதிவான வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னரே கேட்டறிதல் வேண்டும். டி.என். 07 எனத் தொடங்கும் பதிவெண் உடையவற்றுக்கு அது தென் சென்னை அலுவலகம் ஆகும்.