கைக்கூலியையும் எழுதுங்க

பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்துப் படுக்கை விரிப்பு செய்வது நம்ம அம்மிச்சிமார் காலத்து வழக்கம். வீட்டுக்குச் செய்ததால் அதுக்கு யாரும் விலை போட்டதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெருகின பிறகு, கட்டிங் வேஸ்ட் துணி எடைக்குக் கிடைச்சுது. பெண்கள் அதைப் பின்னிக் கால்மிதி ஆக்கினாங்க. ஆனா தனியாளாக விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை.

1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. 1997-ல் மகளிர் திட்டம் வந்து, படிப்படியாக எல்லா மாவட்டங்களுக்கும் பரவியது. கண்காட்சியிலும் பூமாலை வணிக வளாகத்திலும் நம்ம பொருளுக்கு நாமே விலை சொல்லும் காலம் வந்தது.

சகோதரிகளே, விலை போடும்போது துணி, நூல், பஸ் செலவோடு நிறுத்தாதீங்க. உங்க கைக்கூலியையும் சேர்த்து எழுதுங்க. வேஸ்ட் ஆனது துணிதான், நம்ம உழைப்பு இல்லீங்க.