விஜயந்தாவின் சிற்றுரு

தொண்டை நாட்டுச் சிறுவர்களுக்குத் தேர் உருட்டும் வழக்கம் புதிதன்று. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையிலேயே, தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த சிறுதேரை உருட்டி விளையாடும் குழந்தைகளைக் காண்கிறோம். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் சிறுதேர் உருட்டலும் ஒன்று. அந்தத் தொண்டை நாட்டின் ஒரு பகுதியே இன்றைய திருவள்ளூர் மாவட்டம். தேர்ப்படை மறைந்து டாங்கிப் படை வந்துவிட்ட இக்காலத்தில், நம் நாட்டில் உற்பத்தியான முதல் போர் டாங்கியைப் படைத்ததும் இம்மாவட்டத்து ஆவடிதான். அந்த டாங்கிக்குப் பெயர் விஜயந்தா. அதன் சிற்றுரு ஒன்றை அளவு பிசகாமல் செய்ய முயல்கிறவன் சரித்திர மாணவனாகவும் ஆகிவிடுகிறான். அது எவ்வாறு என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

பொம்மைக்குச் சாயல் போதும். சில சக்கரங்களும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயும் இருந்தால் குழந்தை அதனை டாங்கி என்று ஏற்றுக்கொள்ளும். சிற்றுருவின் நிலை வேறு. அதில் ஒட்டப்படும் ஒவ்வொரு துண்டும் ஒரு சாட்சியம் கூறுகிறது. “இன்ன வருஷத்தில், இன்ன டாங்கியில், இந்தக் கைப்பிடி இந்த இடத்தில் இருந்தது” என்று அது சொல்கிறது. அந்தச் சாட்சியம் மெய்யா பொய்யா என்று எவரும் கேட்கலாம். கேட்டால் விடை சொல்ல வேண்டும்.

உலகத்தின் முதல் டாங்கிக்கு முன்பே அதன் மாதிரி பிறந்துவிட்டது என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1915-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் இங்கிலாந்தில் முழு அளவில் மரத்தால் ஓர் உருவம் செய்து அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். மறு ஆண்டு, 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சில் நடந்த சோம் யுத்தத்தில் டாங்கிகள் முதன்முதலாகக் களம் இறங்கின. இரகசியம் வெளிப்படாதிருக்கும் பொருட்டுத் தொழிற்சாலையில் அதனைத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிவைத்தார்கள். ஒளிப்பதற்கு இட்ட பெயரே நிலைத்துவிட்டது. நம் வீட்டு மாடியில் நிற்பதையும் போர்க்களத்தில் ஓடுவதையும் இன்றும் நாம் ஏறத்தாழ ஒரே சொல்லால் அழைக்கிறோம்.

ஆவடியின் கதைக்கு வருவோம். இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் அங்கே பெரிய இராணுவக் கிடங்குகள் இருந்தன. ஆவடி என்ற பெயரே கவச ஊர்திக் கிடங்கைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றின் முதலெழுத்துகளால் ஆனது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஊர்ப் பெயர் கிடங்குகளுக்கு முந்தியது. 1955 ஜனவரியில் அங்கே காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1961-இல், கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. அப்போது ஆவடி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான்.

அதே 1961-இல் பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தோடு இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. விக்கர்ஸ் பொறியாளர்கள் கைவசம் இருந்த நல்ல உறுப்புகளைச் சேர்த்து, எடை குறைந்த டாங்கி ஒன்றை வரைந்தார்கள். 105 மில்லிமீட்டர் பீரங்கி, செஞ்சுரியன் டாங்கிக்குப் பொருத்தப்பட்டு வந்த வகை. எஞ்சின், அப்போது உருவாகிக்கொண்டிருந்த சீஃப்டன் டாங்கிக்கென அமைந்த லேலண்ட் எஞ்சின். அதில் ஆறு சிலிண்டர்களும் பன்னிரண்டு பிஸ்டன்களும் உண்டு. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக வந்து சந்திக்கும். 1963-இல் முதல் முன்மாதிரி தயாராயிற்று. தொடக்கத் தொகுதி பிரிட்டனிலேயே செய்யப்பட்டது. ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா வெளிவந்தது 1965 டிசம்பரில். 1980-களின் தொடக்கம் வரை உற்பத்தி தொடர்ந்தது. மொத்தம் ஏறத்தாழ 2,200 என்ற கணக்கே பெரும்பாலும் சொல்லப்படுகிறது.

டிசம்பர் என்ற இந்த ஒரு சொல் சிற்றுரு செய்கிறவனுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 1965 செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரன் அருகே அசல் உத்தர் என்னுமிடத்தில் பெரிய டாங்கிப் போர் நடந்தது. பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள் கரும்புக் காடுகளுக்கிடையே சேற்றில் சிக்கி அழிந்த போர் அது. அக்காட்சியைச் சிறு மேடையில் அமைத்து, இந்தியத் தரப்பில் விஜயந்தாவை நிறுத்தினால், பார்ப்பவர்கள் கைதட்டக்கூடும். ஆனால் ஆவடியின் முதல் டாங்கி பிறப்பதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே அந்தப் போர் முடிந்துவிட்டது. அங்கே நம் பக்கம் நின்றவை செஞ்சுரியன்களும், பழைய ஷெர்மன்களும், பிரெஞ்சு நாட்டு ஏ.எம்.எக்ஸ். டாங்கிகளுமே. சக்கரத்தை எவ்வளவு நுட்பமாகச் செதுக்கியிருந்தாலும் நாள் தவறினால் எல்லாம் தவறு.

இனி அளவுக்கு வருவோம். 1960-களில் ஜப்பானியரின் தமியா நிறுவனம் டாங்கிச் சிற்றுருக்களை முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவில் வெளியிடத் தொடங்கியது. உள்ளே மோட்டாரும் மின்கலமும் வைக்க இடம் வேண்டும் என்பதற்காக அமைந்த பருமன் அது; சாஸ்திரம் எதுவும் அதன் பின்னால் இல்லை. ஆயினும் அதுவே உலக வழக்காகிவிட்டது. விஜயந்தாவுக்கு அந்த அளவு ஒரு வசதியைச் செய்து தருகிறது. 105 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய், முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போது, சரியாக 3 மில்லிமீட்டர் ஆகிறது. 3.17 மீட்டர் அகலமுள்ள உடல் 9 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாக நிற்கிறது. பீரங்கியையும் சேர்த்து 9.79 மீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் ஆகிறது. அருகில் நிற்கும் சிப்பாய் நம் சுண்டுவிரல் உயரம் இருப்பான்.

இவை சுலபமான கணக்குகள். சிக்கல் மெல்லிய பொருள்களில் வருகிறது. வர்ணத்தைத் தடிப்பாகப் பூசி அது பத்தில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வந்துவிட்டால், மெய்யான டாங்கியின்மேல் மூன்றரை மில்லிமீட்டர் வர்ணம் அப்பியது போலாகும். தகடுகளின் கூரிய விளிம்பெல்லாம் மழுங்கிப்போகும். பாலைவனத்துப் புழுதி என்று சாதாரண மணலைத் தூவினால், அரை மில்லிமீட்டர் மணல் ஒவ்வொன்றும் 17.5 மில்லிமீட்டர் கூழாங்கல்லாகத் தோன்றும். ஆகையால் செங்கற்பொடியையோ சுண்ணக்கட்டியையோ மையாக அரைத்து, துணியில் சலித்துப் பயன்படுத்த வேண்டும்.

எடையோ இன்னும் விந்தையானது. நீளம் முப்பத்தைந்தில் ஒன்றாகும்போது, கன அளவு 42,875-இல் ஒன்றாகிவிடுகிறது. 39 டன் டாங்கி அந்தக் கணக்கில் 910 கிராம்தான். பிளாஸ்டிக் சிற்றுருவோ அதில் பாதிகூட இராது. இதனால் ஒரு குறை கண்ணில் படும். மெய்யான டாங்கியின் இரும்புச் சங்கிலி தன் பாரத்தாலேயே உருளைகளுக்கிடையே தொய்ந்து கிடக்கும். பிளாஸ்டிக் சங்கிலி கயிறுபோல் விறைத்து நிற்கும். விஜயந்தாவில் பக்கத்துக்கு ஆறு சக்கரங்கள், சங்கிலியை மேலே தாங்க மூன்று சிறு உருளைகள், பின்னால் இழுக்கும் பற்சக்கரம். அந்த மூன்று உருளைகளுக்கு இடையில் சங்கிலியைக் கையால் அழுத்தி ஒட்டித் தொய்வை உண்டாக்க வேண்டும். மெய்யைக் காட்டுவதற்கு இங்கே சற்றுப் பாசாங்கு தேவைப்படுகிறது. சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு இது விளங்கும்.

உறுப்புகளின் வடிவத்தை எங்கிருந்து அறிவது? கனரக ஊர்தித் தொழிற்சாலை பாதுகாக்கப்பட்ட இடம்; அங்கே போய் அளவெடுக்க இயலாது. படைச் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் சில, நினைவுச் சின்னங்களாகப் பீடங்களில் நிற்கின்றன. மகாராஷ்டிரத்தில், முன்பு அகமதுநகர் என வழங்கிய அகில்யாநகரின் கவசப்படை அருங்காட்சியகத்திலும் விஜயந்தா உண்டு. நேரில் காண்பதைவிட நல்ல சாட்சி வேறில்லை என்றே தோன்றும். ஆனால் பீடத்து டாங்கி, பழைய கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு அடித்தது போன்றது. விழாவுக்கு விழா பளபளப்பான வர்ணம் ஏறியிருக்கும். விளக்கு போயிருக்கும்; கருவிப் பெட்டி கழன்றிருக்கும்; கழன்ற இடத்தில் வேறொன்று வந்திருக்கும். அது காட்டுவது டாங்கி ஓய்வு பெற்ற பின்னிருந்த நிலையை.

புகைப்படங்களிலும் எச்சரிக்கை வேண்டும். இதே விக்கர்ஸ் டாங்கியைக் குவைத்தும் 70 வாங்கியது. அவற்றின் படங்கள் விஜயந்தா என்ற பெயரில் உலவக்கூடும். பின்னால் கென்யாவும் நைஜீரியாவும் வாங்கிய மூன்றாம் வகை விக்கர்ஸ் டாங்கியைப் பார்த்துச் செய்கிறவர்களும் உண்டு. அதன் சுழல்கோபுரத்தின் முன்முகம் வார்ப்பிரும்புப் பாத்திரம்போல் உருண்டு வழவழப்பாக இருக்கும். விஜயந்தாவின் கோபுரமோ உருட்டுத் தகடுகளை வெட்டிப் பற்றவைத்தது. முகம் கோணம் கோணமாக நிற்கும். வார்ப்பா, பற்றவைப்பா என்ற இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பேன்.

பற்றவைப்பைச் சிற்றுருவில் காட்டும் முறையும் உண்டு. பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவர்த்திச் சுடருக்கு மேலே காட்டி இளக்கி, இரு கையாலும் இழுத்தால் நூலிழையாக நீளும். அதனைத் தகடுகள் சேரும் மூட்டில் ஒட்டி, பசையால் மென்மையாக்கி, கத்தி முனையால் நெருக்கமாகக் கீறிக்கொண்டு போக வேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் தொழிற்பயிற்சி மாணவர் ஒருவர் எங்களோடு சேர்ந்து இவ்வேலையைச் செய்தார். அவ்வூர்ச் சிப்காட் வளாகத்தில் எஃகுத் தொழிற்கூடங்கள் நிறைய உண்டு. தகடும் தீப்பொறியும் அவர் அன்றாடம் காண்பவை. புத்தகத்தில் கண்டபடி நான் எல்லா மூட்டுகளுக்கும் ஒரே சீரான கீறல் போடச் சொன்னபோது, அவர் சம்மதிக்கவில்லை. “ஐயா, படுக்கையாகப் போடும் பற்றும் செங்குத்தாக ஏறும் பற்றும் பார்வைக்கு ஒன்றாக இருக்காது” என்றார். செங்குத்து மூட்டுகளை அவரே தனியாகச் செய்து முடித்தார். அந்த இரண்டு அங்குல நீளத்தில் இருக்கும் அறிவு எந்த வரைபடத்திலும் இல்லை.

எந்த வருஷத்து விஜயந்தா என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். தொடக்க ஆண்டுகளில் பீரங்கிக் குழல் வெறுமையாக இருந்தது. நடுவில் புகை வாங்கி எனப்படும் தடித்த உறை மட்டும் இருக்கும். குண்டு வெளியேறியதும் குழலில் தங்கும் நச்சுப் புகை, உள்ளே இருக்கும் நால்வரை நோக்கித் திரும்பாமல் வெளியே இழுக்கப்படுவதற்கான ஏற்பாடு அது. வெயிலில் ஒரு பக்கம் சூடேறிக் குழல் வளையாதிருக்கப் போர்த்தும் வெப்ப உறை பிற்காலத்துச் சேர்க்கை. 1971 யுத்தத்து டாங்கிக்கு அதைப் போர்த்தினால், ராஜராஜன் கையில் துப்பாக்கி கொடுத்தது போலாகும். விஜயந்தாவின் உடலும் அப்படியே நின்றுவிடவில்லை. அதனை நீட்டி 130 மில்லிமீட்டர் பீரங்கியை ஏற்றினார்கள். கார்த்திக் என்ற பாலம் போடும் ஊர்தியையும் அதன்மேல் அமைத்தார்கள். ஆவடியிலேயே பிறகு அஜேயா, அர்ஜுன், பீஷ்மா என்று வேறு டாங்கிகள் வந்தன. விஜயந்தா இப்போது படையில் இல்லை. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடம் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அது மாதிரி மேல்நிலைப் பள்ளி என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

டாங்கிகள் போயின, அவற்றைக் கட்டிய மனிதர்கள் சிலர் இருக்கிறார்கள். 1960-களில் இளைஞராக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். படைத் தலைவர்களின் பெயர்கள் புத்தகத்தில் ஏறிவிட்டன. எந்தத் தகடு முதலில் நிறுத்தப்பட்டது, கோபுரத்தை இறக்கும்போது கிரேன் ஓட்டியவருக்கு எவர் கைகாட்டினார் என்பவை ஏறவில்லை; ஏறும் என்றும் தோன்றவில்லை. அந்தத் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவரிடம், ஏறக்குறைய முடிந்துவிட்ட சிற்றுருவைக் கொண்டுபோய்க் காட்டினோம். கோபுரத்தைப் பார்ப்பார், பீரங்கியைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தோம். அவர் அதனை வாங்கிக் கவிழ்த்து, அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தார். அது வெறுந் தகடாக இருந்தது. சிற்றுரு செய்கிறவர்கள் பார்வைக்கு வராத அடிப்பாகத்தை அப்படியே விட்டுவிடுவது உலக வழக்கம்.

“தம்பி, நான் வேலை பார்த்தது முழுக்க இந்தப் பக்கம்தான்” என்றார்.

பிறகு, முறுக்குத் தண்டுகளை எந்த வரிசையில் மாட்டினார்கள், உடலைத் திருப்பிப் போட எத்தனை பேர் நின்றார்கள் என்று நிதானமாகச் சொல்லத் தொடங்கினார். கும்மிடிப்பூண்டி மாணவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மேலே தேதியைக் குறித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.