குடிநீரில் ஆர்சனிக்: கங்கைச் சமவெளியில் கண்ணுக்குப் புலப்படாத நஞ்சு

மேற்கு வங்கம், பீகார், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் கங்கையையொட்டிய பல மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஆர்சனிக் கலந்திருப்பது, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரும் சுகாதாரச் சிக்கலாக நீடித்து வருகிறது. நிறம், மணம், சுவை எதுவும் இல்லாத இந்நஞ்சு நீரில் இருப்பதை, ஆய்வு செய்யாமல் அறிய இயலாது.

மேற்கு வங்கத்தில் இப்பாதிப்பு 1983-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. தோல் பாதிப்புகளுடன் சிகிச்சைக்கு வந்த கிராமவாசிகளுக்கு ஆர்சனிக் நஞ்சேறியிருப்பதை, கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் மருத்துவர் கே.சி.சாஹா கண்டறிந்தார். பீகாரின் போஜ்பூர் மாவட்டத்தில் 2002-இல் இப்பாதிப்பு தெரியவந்தது.

எவ்வாறு கலக்கிறது?

இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், இரும்புத் தாதுக்களுடன் ஆர்சனிக் பிணைந்துள்ளது. ஆக்சிஜன் குறைந்த நிலத்தடிச் சூழலில் நுண்ணுயிரிகளின் செயல்பாட்டால் இரும்புத் தாது கரையும்போது, ஆர்சனிக்கும் நீரில் கலக்கிறது. குளம், ஆற்று நீரால் பரவிய காலரா, வயிற்றுப்போக்கைத் தவிர்க்கவே ஊர்தோறும் அடிகுழாய்கள் அமைக்கப்பட்டன. தூய்மையானது என நம்பப்பட்ட அந்த நீரே பல ஊர்களில் மற்றொரு நோய்க்குக் காரணமானது.

உடல்நல பாதிப்புகள்

உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல்படி, ஒரு லிட்டர் குடிநீரில் ஆர்சனிக் 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் அளவும் இதுவே. இதைவிடக் கூடுதல் அளவுள்ள நீரைத் தொடர்ந்து பருகுவோருக்கு, தோலில் கரும்புள்ளிகளும் உள்ளங்கை, உள்ளங்கால்களில் தடிப்புகளும் தோன்றுகின்றன. இவை வெளிப்படப் பொதுவாக ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் அபாயமும் உண்டு. கருவிலும் இளவயதிலும் ஏற்படும் பாதிப்பு, குழந்தைகளின் அறிவு வளர்ச்சியைக் குறைக்கக்கூடும். இந்நோய் தொடுவதால் பரவாது; எனினும் தோல் மாற்றங்களால் பாதிக்கப்பட்டோர் ஒதுக்கப்படுவதும் நிகழ்கிறது.

தடுப்பது எப்படி?

நீரைக் கொதிக்க வைப்பதால் கிருமிகள் அழியுமே தவிர, ஆர்சனிக் நீங்காது. நீர் ஆவியாவதால் அதன் செறிவு சற்று கூடவே செய்யும். அருகருகே உள்ள இரு அடிகுழாய்களில்கூட ஆர்சனிக் அளவு பெரிதும் வேறுபடலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆய்வு செய்வது அவசியம்.

பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் சுத்திகரித்த ஆற்று நீர், ஆய்வில் பாதுகாப்பானது என உறுதிசெய்யப்பட்ட ஆழமான நீர்த்தாங்கிகளின் நீர், சேமித்த மழைநீர் ஆகியவை மாற்று வழிகளாகும். சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ள இடங்களில் வடிகட்டும் பொருளை உரிய காலத்தில் மாற்றுவதும், வெளியேறும் கழிவைப் பாதுகாப்பாக அகற்றுவதும் இன்றியமையாதவை.

நாள்பட்ட ஆர்சனிக் பாதிப்பை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை. நச்சு நீரைப் பருகுவதை உடனே நிறுத்திப் பாதுகாப்பான நீருக்கு மாறுவதே முதன்மைச் சிகிச்சையாகும்.