பேரீச்சம்பழத்துக்குப் போகாத இயந்திரம்

1998. பி.காம். இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வெள்ளையடிக்க சாமான்களை ஒழித்தபோது, அப்பாவின் ரெக்கார்டுகள் நாற்பது, ஐம்பது வெளியே வந்தன. கேசட் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு? பழைய பேப்பர் கடைக்காரரைக் கூப்பிட்டேன். விவரமான மனிதர். அட்டையை உருவி பேப்பர் கணக்கில் போட்டார். தட்டை பிளாஸ்டிக் கணக்கில் போட்டார். வந்த காசில் ஒரு வேளை டிபன் சாப்பிட்டேன். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அந்த வருடம் வகுப்பில் தேய்மானம் நடத்தியிருந்தார்கள். இயந்திரம் வருஷா வருஷம் தேயும், கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு இறங்கும், கடைசியில் 'ஸ்கிராப் வேல்யூ' என்று ஒரு சொற்பத் தொகை நிற்கும். அந்த விலைக்குத் தள்ளிவிட்டு இடத்தைக் காலி பண்ணு! உலகம் முழுக்க இசைத்தட்டுக் கம்பெனிகள் அதைத்தான் செய்துமுடித்திருந்தன. செய்யாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் ஒருவரின் கதை இது.

முதலில் ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக்.

1948 ஜூனில் அமெரிக்காவின் கொலம்பியா கம்பெனி, வினைல் பிளாஸ்டிக்கில் செய்த எல்.பி. ரெக்கார்டை அறிமுகப்படுத்தியது. அதற்கு முன் இருந்தவை அரக்கில் செய்த தட்டுகள். கீழே விழுந்தால் அப்பளம். ஒரு பக்கம் நான்கைந்து நிமிடத்தைத் தாண்டாது. எல்.பி.யில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பாட்டு. ஜனங்கள் விடுவார்களா? 1978-ல் அமெரிக்காவில் மட்டும் 34 கோடி எல்.பி.க்கள் விற்றன.

பிறகு கேசட் வந்து பாதியைத் தின்றது. 1982-ல் வந்த சி.டி. மீதியைத் தின்றது. 1993-ல் அமெரிக்க விற்பனை எவ்வளவு தெரியுமா? 12 லட்சம். கோடி இல்லை சார், லட்சம்!

ஜனங்களுக்கு அலுத்துவிட்டது என்பது மட்டும் காரணமில்லை. கடையில் விற்காத சரக்கைக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்வது அந்தத் தொழிலின் வழக்கம். 1980-களின் கடைசியில் ரெக்கார்டுக்கு மட்டும் அந்தச் சலுகையைக் குறைத்து, பிறகு நிறுத்தியே விட்டார்கள். விற்காவிட்டால் நஷ்டம் உன் தலையில் என்றால் எந்தக் கடைக்காரர் வாங்கி அடுக்குவார்? அலமாரி காலியானது. அங்கே சி.டி. வந்து உட்கார்ந்தது. ரெக்கார்டு தானாகச் செத்தது என்று சொல்கிறவர்களிடம் இந்தக் கணக்கையும் கேட்டுப் பாருங்கள்.

இனி, செக் நாட்டுக்குப் போவோம். தலைநகர் பிராக்குக்கு மேற்கே லோட்யெனிட்ஸெ என்று ஒரு சின்ன ஊர். 1951-லிருந்து அங்கே அரசாங்கத் தொழிற்சாலை ஒன்று இசைத்தட்டு தயாரித்துக்கொண்டிருந்தது. 1989-ல் கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்தது. கூடவே தட்டு வியாபாரமும் கவிழ்ந்தது. வருடத்துக்கு ஒரு கோடிக்கு மேல் ஓடிய உற்பத்தி, சில வருடங்களில் சில லட்சங்களுக்கு வந்து நின்றது. ஆலை தனியார் கைக்கு மாறி, ஜி.இஸட். மீடியா ஆனது.

1980-களிலிருந்தே அங்கே பொறுப்பில் இருந்தவர் ஸ்டெனெக் பெல்ட்ஸ். சராசரி முதலாளி என்ன செய்திருப்பார்? கூடம் நிறைய பழைய பிரஸ்கள், இரும்பு விலைக்கு எடுத்துக்கொள்ள ஆள் ரெடி. பெல்ட்ஸ் விற்கவில்லை. சி.டி. தயாரிப்பு சம்பாதித்துக் கொடுத்தது. அந்த நிழலில் பிரஸ்கள் பிழைத்துக் கிடந்தன. டிஸ்கோ கிளப்புகளில் தட்டைக் கையால் தேய்த்து வித்தை காட்டும் டி.ஜே.க்கள் மட்டும் ரெக்கார்டை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சில்லறை ஆர்டர்தான் பிரஸ்களுக்குக் கஞ்சி ஊற்றியது.

அந்த பிரஸ் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. கொழுக்கட்டை மாதிரி ஒரு சூடான பி.வி.சி. உருண்டை. மேலும் கீழும் காகித லேபிள். இரண்டு பக்கமும் பாட்டின் பள்ளங்களை மேடாகத் தாங்கிய நிக்கல் அச்சு. நீராவியில் சூடாக்கி, சுமார் நூறு டன் அழுத்தத்தில் நசுக்கி, தண்ணீரில் குளிரவைத்தால் தட்டு தயார். தோசை வார்க்கிற நேரம்கூட ஆகாது. லேபிளை யாரும் பசை போட்டு ஒட்டுவதில்லை, அந்தச் சூட்டிலேயே பதிந்துவிடுகிறது. பார்த்தால் எளிமைதான். ஆனால் 1990-களில் அதைப் புதிதாகச் செய்து விற்க ஆளில்லை. இருந்தால் பழசு, இல்லாவிட்டால் கிடையாது.

காற்று திரும்பியது. பாட்டு இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்க ஆரம்பித்த பிறகு, கையில் பிடித்துப் பார்க்க ஏதாவது வேண்டும் என்று இளைஞர்களுக்கு ஆசை வந்தது. 2008-ல் அமெரிக்காவின் சின்னச் சின்ன கடைகள் சேர்ந்து முதல் 'ரெக்கார்டு ஸ்டோர் டே' கொண்டாடின. அன்றைக்கென்றே அளவாக அச்சடித்த தட்டுகளுக்காக, வருடா வருடம் விடியற்காலையிலேயே கியூ! வாங்கியதை மறுநாளே இரட்டை விலைக்கு விற்கிற பேர்வழிகளும் கூடவே முளைத்தார்கள். பெரிய கம்பெனிகள் ஆர்டரைத் தூக்கிக்கொண்டு ஓடின. எங்கே? பிரஸ் வைத்திருந்தவர்களிடம்! 2014-ல் ஜி.இஸட். மறுபடி ஒரு கோடியைத் தாண்டியது. இன்று உலகிலேயே பெரிய ரெக்கார்டு ஆலை அதுதான்.

விட்டவர்கள் பாடு? ஜப்பானில் சோனி 1989-ல் ரெக்கார்டு அச்சடிப்பதை மூடியது. 2018-ல் மறுபடி தொடங்கியபோது, தொழில் தெரிந்த பழைய இன்ஜினீயர்களைத் தேட வேண்டியிருந்தது. இயந்திரம் வாங்கக் காசு போதும், கைப்பழக்கத்துக்கு எங்கே போவது?

2022-ல் அமெரிக்காவில் ரெக்கார்டு 4.1 கோடி, சி.டி. 3.3 கோடி விற்றன. எண்ணிக்கையில் ரெக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுவே முதல் முறை.

இத்தனைக்கும் நடுவே ஒரு பயங்கரமும் நடந்தது. அச்சு தயாரிக்க முதலில் பாட்டை ஒரு தாய்த் தட்டில் ஊசியால் வெட்ட வேண்டும். அலுமினியத் தட்டின் மேல் நெயில் பாலிஷ் வகையறா பூச்சு. உலகத்தில் இரண்டே இடங்களில்தான் அதைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியாவின் பேனிங் நகரில் அப்போலோ மாஸ்டர்ஸ், ஜப்பானின் மியோட்டாவில் இன்னொன்று. 2020 பிப்ரவரி 6-ம் தேதி அப்போலோ ஆலை எரிந்து சாம்பலானது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. உலகமே மியோட்டா பக்கம் திரும்பியது. ஜி.இஸட். அவ்வளவு பதறவில்லை. பூச்சுத் தட்டுக்குப் பதிலாக நேரடியாகச் செம்பிலேயே வெட்டுகிற, 1980-களின் ஜெர்மன் முறையையும் அவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. அமெரிக்காவில் ரெக்கார்டு வாங்குகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் பிளேயரே கிடையாது என்கிறது லுமினேட் நிறுவனத்தின் கணக்கு. சுவரில் மாட்டுகிறார்கள், அலமாரியில் அடுக்குகிறார்கள். என் வீட்டில் நிலைமை தலைகீழ். அப்பாவின் பிளேயர் இன்னும் பரண் மேல்தான் இருக்கிறது. பேப்பர் கடைக்காரர் அன்றைக்கு அதை எடுக்கவில்லை. கனமாக இருக்கிறது, மரத்துக்கு விலை போடுவதில்லை என்று சொல்லிவிட்டார்.