கிட்டங்கியில் வளர்ந்த பிள்ளைகள்

தைப்பூசத்துக்கு முதல்நாள் தண்ணீர்மலைக்கு வெள்ளித்தேர் புறப்படுவது பினாங்குத் தெருவிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து என்பதைப் பினாங்கில் அறியாதார் இலர். அந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் நிறைந்திருந்த கிட்டங்கிகளை அறிந்தவர் தொகையோ ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் வரலாற்றை எழுதுவோர் அக்கிட்டங்கிகளின் கொடுக்கல் வாங்கலை விரிவாக ஆராய்வர். அங்கே சிறுவர்களும் வளர்ந்தார்கள் என்பதை மட்டும் ஏனோ ஒரு வரியில் கடந்துவிடுவர். பிள்ளை வளர்ப்பைப் பற்றி இந்நாளில் பெரிதாகப் பேசப்படுகிறது. தமிழரிடையே நூறாண்டுக்கு மேல் ஒழுங்காக நடந்துவந்த ஒரு வளர்ப்பு முறை அந்தப் பேச்சில் இடம்பெறாதது வியப்பே.

கிட்டங்கி என்பது நீண்ட கடைவீடு. ஒரே கூரையின் கீழ்ப் பல விலாசங்கள் தொழில் நடத்தும். ஒவ்வொரு விலாசத்துக்கும் ஒரு கைப்பெட்டி, கணக்கேடுகள், உட்காரச் சிறிது இடம், அவ்வளவுதான் கடை. இரவில் பாயை விரித்தால் அதுவே படுக்கையறை. சமையல் பொது. அங்கே பெண்கள் இல்லை. மனைவியும் மக்களும் காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ அவற்றைச் சூழ்ந்த ஊர்களிலோ இருக்க, ஆண்கள் மட்டும் மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பலேறி வந்தனர். கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு அடுத்தவர் அடுத்தாள். கடைசியில் இருப்பவன் பெட்டியடிப் பையன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் தாயின் மடியை விட்டு வந்த சிறுவனும் அந்த இடத்தில் இருந்திருக்கிறான்.

அவன் வெறுங்கையோடு வரவில்லை. ஊர்த் திண்ணைப் பள்ளியில் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் எண்சுவடியும் மனப்பாடம் செய்தே வந்தான். முந்திரி, மாகாணி, அரைக்கால் எனக் கீழ்வாய்க் கணக்கை நாவில் நிறுத்திக்கொண்ட பிள்ளைக்கு வட்டிக் கணக்கு எழுதுகோல் இல்லாமலே வரும். கடையில் அவன் கற்றது வேறு வகைப் பாடம். விடியலில் எழுந்து கடையைக் கூட்டவேண்டும். பெரியவர்களுக்கு ஏவல் செய்யவேண்டும். கடன் தண்டப் போகிறவரின் பின்னால் மலாயும் சீனமும் காதில் விழ நடக்கவேண்டும். கடிதங்களுக்குப் படி எடுக்கவேண்டும். பிறகுதான் குறிப்பு எழுதக் கொடுப்பர். அது தேர்ந்தால் பேரேடு. அதற்கும் பிறகு ஐந்தொகை. ஒரு காசு துண்டு விழுந்தாலும் அந்தக் காசு அகப்படும்வரை உறக்கமில்லை. பெரும் பணக்காரரின் மகனும் பிறர் கடையில் இப்படிப் பயில வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. தன் கடையில் தன் பிள்ளையைக் கண்டிக்கத் தகப்பனுக்கு மனம் வராது. சம்பளத்துக்கு இருக்கும் கணக்கப்பிள்ளைக்குத் துணிவு வராது. அயலார் கடையில் அந்தத் தொல்லை இல்லை. பெற்ற பாசம் வளர்ப்பைக் கெடுக்கும் என்று ஒரு சமூகமே கணக்கிட்டு வைத்திருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

கடலுக்கு அப்பால் இருந்த வீட்டில் நடந்தது இதற்கு நேர்மாறு. தகப்பன் கப்பலேறிய பின் பிறந்த குழந்தை, அவர் திரும்பும்போது நடக்கவும் பேசவும் கற்றிருக்கும். 'அப்பச்சி' என்று காட்டப்பட்ட மனிதரைக் கண்டு ஆத்தாளின் சேலைக்குள் ஒளிந்த பிள்ளைகள் எத்தனையோ! அவரோடு பழகி முடிவதற்குள் அடுத்த கணக்குக்கு நாள் குறித்துவிடுவர். ஆகவே பிள்ளைகளை வளர்த்தவர்கள் ஆத்தாளும் அப்பத்தாளும் ஆயாளுமே. இவர்களை ஆடவரின் நிழலில் ஒடுங்கிய பெண்களாக எண்ணுவது தவறு. மணமான மகனை ஒரே வீட்டுக்குள் வேறு அடுப்பு வைத்துப் பிரித்துவிடும் வழக்கத்தால், இளம் ஆச்சி தனக்கென அளந்து கொடுத்த நெல்லிலும் பணத்திலும் குடும்பம் நடத்தப் பழகினாள். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய தொகுதிகளிலும் இவ்வழக்கம் பேசப்படுகிறது. ஆச்சிமார் தம் சீர்ப்பணத்தை வட்டிக்கு விட்டுப் பெருக்கினர். சிக்கனம் என்னும் முதற்பாடத்தைப் பையன் கற்றது அந்த அடுப்படியில்தான். கிட்டங்கி அதை முற்றுவித்தது.

பிற்கால உளநூலார் இதை எந்த வகையில் சேர்ப்பர்? அமெரிக்காவில் டயானா பௌம்ரிண்ட் 1966, 1967ஆம் ஆண்டுகளில் பெற்றோரை மூவகையாகப் பிரித்தார்: அடக்கி ஆள்வோர், கண்டிப்பும் கனிவும் கலந்து வளர்ப்போர், போக்கில் விடுவோர். இரண்டாம் வகையே பிள்ளைக்குத் தன்னம்பிக்கையும் பொறுப்பும் தரும் என்பது அவர் முடிவு. மெக்கபியும் மார்ட்டினும் 1983இல் கவனியாது விடுவோர் என்னும் நான்காம் வகையைத் தெளிவாக்கினர். இந்தப் பாகுபாடு தாயும் தந்தையும் ஒரே வீட்டில் இருப்பதாகக் கொண்டு எழுந்தது. நகரத்தார் குடும்பத்தில் கனிவு செட்டிநாட்டிலும் கண்டிப்பு பினாங்கிலும் இருந்தன; நடுவில் கடல் இருந்தது. பையன் முன்னதிலிருந்து பின்னதற்கு ஒரே கப்பற்பயணத்தில் மாற்றப்பட்டான். 1994இல் ரூத் சாவ் என்பவர், சீனக் குடும்பங்களின் கடுமையை அடக்குமுறை என்று சொல்லிவிடலாகாது, அது அக்கறையோடு இணைந்த பயிற்சி என வாதிட்டார். மேலாளின் கடுமையையும் பெரும்பாலும் அவ்வாறே கொள்ளவேண்டும். ஆனால் எல்லா மேலாள்களும் பொறுமைசாலிகள் என்று எவரும் உறுதி கூறமுடியாது. அடி வாங்கிய பையன் அழுவதற்குத் தாய் அங்கே இல்லை.

தந்தையின் பிரிவைப் பற்றி லின், சாவ்ரி என்னும் இருவர் 1959இல் வெளியிட்ட ஆய்வு இங்கே கூர்ந்து நோக்கத்தக்கது. நார்வே நாட்டில் நெடுங்காலம் கடலில் இருக்கும் மாலுமிகளின் பிள்ளைகளை அவர்கள் ஆராய்ந்தனர். அப்பிள்ளைகளில் ஆண்கள், இல்லாத தந்தையைப் போல் ஆகவேண்டும் என்று மிகுதியாக முனைந்தனர். ஆயினும் ஒத்த வயதினரோடு பழகுவதில் இடர்ப்பட்டனர். பெண்கள் தாயையே மிகுதியும் சார்ந்து நின்றனர். செட்டிநாட்டுச் சிறுவர்களை அப்படி எவரும் அளந்து பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. நார்வேச் சிறுவனின் தெருவில் மற்றத் தகப்பன்மார் இருந்தனர். செட்டிநாட்டுச் சிறுவனின் தெருவிலோ பல வீடுகளில் அதே நிலை. தனக்கு மட்டும் தகப்பன் அருகில் இல்லை என்னும் குறை அவனுக்கு அத்துணை உறைத்திராது.

இம்முறையின் ஆட்டத்தைப் போர் வெளிக்காட்டியது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ஜார்ஜ் டவுனில் குண்டு வீசினர்; அம்மாதமே தீவு அவர்கள் வசமாயிற்று. 1945 வரை கப்பல் இல்லை. ஊரோடு கடிதப் போக்குவரத்தும் இல்லை. மூன்றாண்டுக் கணக்கு முடியும் நாளை எண்ணிக்கொண்டிருந்த ஆச்சிமாருக்குக் கணவர் உயிரோடிருக்கிறாரா என்பதே தெரியாது போயிற்று. இங்கே அகப்பட்டுக்கொண்ட பையன்கள் கிட்டங்கியிலேயே மீசை முளைத்து ஆளானார்கள். ப. சிங்காரம் 1959இல் வெளியிட்ட 'கடலுக்கு அப்பால்' என்னும் புதினம் இந்தக் காலத்துப் பினாங்கு வட்டிக்கடையைக் களமாகக் கொண்டது. கடையில் வளர்ந்த செல்லையா இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்து திரும்புகிறான். பட்டாளத்துக்குப் போனவன் பெட்டியடிக்கு உதவமாட்டான் என்று முதலாளி அவனுக்குத் தம் மகளைக் கொடுக்க மறுத்துவிடுகிறார். கடை வளர்ப்பு விரும்பியது பணிவையும் பொறுமையையும். துணிவு அதன் பாடத்திட்டத்தில் இல்லை. முதலாளியின் கணக்கில் பிழை காண்பதும் எளிதன்று.

போருக்குப் பின் பழைய ஒழுங்கு திரும்பவில்லை. 1953இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் மூன்றாண்டுக்கொரு முறை ஆள் மாற்றும் வழக்கத்தை நெரித்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றதும், இங்கே இருப்பதா ஊருக்குப் போவதா என்று முடிவு செய்தாக வேண்டியிருந்தது. இருக்கத் துணிந்தவர்கள் மனைவி மக்களை வரவழைத்தனர். பெட்டியடிக்கு அனுப்பவேண்டிய வயதில் பிள்ளைகள் ஆங்கிலப் பள்ளிக்குப் போயினர். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இலும், காரைக்குடியில் அழகப்பர் கல்லூரி 1947இலும் நகரத்தார் பொருளால் எழுந்தபோதே ஐந்தொகைக்கு அப்பாலும் படிப்பு உண்டு என்பது ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

குடும்பம் வந்து சேர்ந்த வீடுகளில் ஒரு புதிய சிக்கல் தோன்றியது. பத்து வயதுவரை தாயிடம் மட்டுமே வளர்ந்த பிள்ளையும், பிறர் பிள்ளைகளை மட்டுமே வளர்த்துப் பழகிய தகப்பனும் நாள்தோறும் ஒரே இலைவரிசையில் உட்கார வேண்டியதாயிற்று. அவருக்குத் தெரிந்த வளர்ப்பு மேலாளின் வளர்ப்பு ஒன்றே. பள்ளிக்கூடக் கணக்கைக் காட்டச் சொல்லி, பெட்டியடிப் பையனிடம் கேட்பதுபோலவே துண்டு விழுந்த காசைக் கேட்டார். கேட்கப்பட்டவன் பையன் அல்லன், மகன். அவன் ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தான். இம்முறை அவள் அருகிலேயே இருந்தாள்.