தொழில்நெறி வழிகாட்டுநர்

தொழில்நெறி வழிகாட்டுநர் என்பவர், மாணவர்களும் வேலை தேடுவோரும் தொழில் மாற விரும்புவோரும் தமக்கேற்ற கல்வியையும் பணியையும் தாமே தெரிவு செய்ய உதவும் பயிற்சி பெற்ற பணியாளர் ஆவார். நாடி வந்தவரின் விருப்பம், திறமை, குடும்பச் சூழல், கிடைக்கக்கூடிய வாய்ப்புகள் ஆகியவற்றை அவரே தெளிவாக அறிந்துகொள்ளச் செய்வது இப்பணியின் நோக்கமாகும். இறுதி முடிவு நாடி வந்தவருக்கே உரியது. இந்தியாவில் மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோருக்கு இருப்பது போன்ற கட்டாயப் பதிவு முறை இத்தொழிலுக்கு இல்லை. ஆகவே வழிகாட்டுநரின் திறன்களும் அவர் பின்பற்றும் நெறிமுறைகளுமே மாணவருக்குப் பாதுகாப்பாக அமைகின்றன.

பெயர்

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை 'தொழில்நெறி வழிகாட்டல்' என்ற தொடரைப் பயன்படுத்துகிறது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 'மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம்' எனப் பெயர் மாற்றம் பெற்றன. இலங்கையில் 'தொழில் வழிகாட்டல்' என்பது வழக்கு. அங்குள்ள பல்கலைக்கழகங்களில் தொழில் வழிகாட்டல் அலகுகள் உள்ளன.

வரலாறு

அமெரிக்காவின் பாசுடன் நகரில் பிராங்க் பார்சன்சு 1908 இல் தொழில் வழிகாட்டல் பணியகம் ஒன்றைத் தொடங்கினார். தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என அவர் வகுத்த மூன்று படிகள் இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றன.

இந்தியாவில் வேலைவாய்ப்புச் சேவை 1945 இல், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய படைவீரர்களுக்காக ஏற்படுத்தப்பட்டது. 1948 இல் இது அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. சிவா ராவ் குழு 1954 இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிர்வாகம் 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் இவ்வலுவலகங்களில் தொழில் வழிகாட்டலும் இணைக்கப்பட்டது. நடுவண் அரசின் தேசிய தொழில்சேவைத் திட்டம் 2015 சூலையிலும், தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திட்டம் 2022 மார்ச்சிலும் தொடங்கப்பட்டன.

தேவையான திறன்கள்

1951 இல் நிறுவப்பட்ட கல்வி மற்றும் தொழில் வழிகாட்டலுக்கான பன்னாட்டுச் சங்கம், வழிகாட்டுநர்களுக்கான திறன் பட்டியலை 2003 இல் வெளியிட்டது. இது அனைவருக்கும் பொதுவான அடிப்படைத் திறன்கள், பணிக்கேற்ற சிறப்புத் திறன்கள் என இரு பிரிவுகளைக் கொண்டது. கனடாவும் ஆத்திரேலியாவும் தமக்கெனத் தரநிலைகளை வகுத்துள்ளன. இத்துறையில் பொதுவாக எதிர்பார்க்கப்படும் திறன்கள் வருமாறு:

* கேட்கும் திறன்: மாணவர் சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் உணர்தல். பெற்றோர் உடனிருக்கும்போது மாணவரின் குரல் அமுங்கிவிடாமல் காத்தல்.
* மதிப்பிடும் திறன்: நாட்டத் தேர்வுகளையும் உளச்சார்புத் தேர்வுகளையும் முறையாக நடத்தி விளக்குதல். ஆங்கிலத்தில் நகர்ப்புற மாணவருக்காக உருவாக்கப்பட்ட தேர்வைத் தமிழ்வழி மாணவருக்கு அப்படியே அளித்தால், மொழிப் பயிற்சியின்மை திறமையின்மையாகத் தோன்றக்கூடும்.
* தகவல் திறன்: தகுதி, கட்டணம், இட ஒதுக்கீடு, உதவித்தொகை, விண்ணப்ப நாள், நிறுவனத்தின் ஏற்பு நிலை ஆகியவற்றைச் சரிபார்த்துக் கூறுதல். இந்தியத் தொழில்களை வகைப்படுத்தும் தேசியத் தொழில் வகைப்பாடு (2015) இதற்கு ஒரு கருவியாகும்.
* பரிந்துரைக்கும் திறன்: மனச்சோர்வு போன்ற சிக்கல் தென்பட்டால் உரிய மருத்துவரிடமோ உளவியலாளரிடமோ அனுப்புதல்.
* பண்பாட்டு அறிவு: பெங்களூரைச் சேர்ந்த உளவியலாளர் கிடியன் அருள்மணி, தொழில் பற்றிய சமூக நம்பிக்கைகள் தெரிவை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆய்ந்தவர். மேலைநாட்டு முறைகளைச் சூழலுக்கேற்ப மாற்றியே பயன்படுத்த வேண்டும் என்பது அவரது கருத்து.

நெறிமுறைகள்

இத்துறையின் அடிப்படை நெறி, நாடி வந்தவரின் நலனை முதன்மையாகக் கொள்வதாகும். ஒரு கல்லூரியிடம் தரகுத் தொகை பெற்றுக்கொண்டு மாணவர்களை அங்கே அனுப்புபவர் சேர்க்கை முகவரே ஆவார், வழிகாட்டுநர் ஆகார். ஏதேனும் நிறுவனத்துடன் தொடர்பு இருப்பின் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். மாணவரின் மதிப்பெண், குடும்ப வருமானம், தனிப்பட்ட செய்திகள் ஆகியவற்றை அவர் இசைவின்றி வெளியிடலாகாது. வேலைக்கோ இடத்துக்கோ உறுதியளித்தல் கூடாது. சாதி, பால், உடற்குறை ஆகியவற்றைக் கொண்டு 'இது உனக்கு ஒத்துவராது' எனத் தடுப்பதும் நெறிமீறலாகும். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறி, தெரிந்தவரிடம் அனுப்புவதும் இந்நெறிகளுள் அடங்கும்.

உள்ளூர்ச் சூழல்: கம்பம் பள்ளத்தாக்கு

மேற்கூறிய திறன்கள் இடத்துக்கேற்பப் பொருள் பெறுவதற்குத் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்குள்ள பண்ணைப்புரம், உத்தமபாளையம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. முல்லைப் பெரியாற்று நீரால் விளையும் நெல், வாழை, 2023 இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை ஆகியன பள்ளத்தாக்கின் முக்கியப் பயிர்கள். இப்பகுதித் தொழிலாளர் பலர் நாள்தோறும் சீப்புகளில் மலையேறி இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைக்குப் படிப்பின் செலவும் காலமும் முதன்மையான கேள்விகளாகும்.

இங்குப் பணியாற்றும் வழிகாட்டுநர், உத்தமபாளையம் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி (1956), பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, போடிநாயக்கனூர் அரசு பொறியியற் கல்லூரி (2012) முதலிய அருகிலுள்ள வாய்ப்புகளை அறிந்திருக்க வேண்டும். வேளாண்மை, நறுமணப் பொருள் வணிகம் ஆகியவற்றைத் தோல்வியுற்றோர் செய்யும் தொழில்களாகச் சித்தரிக்காமல், அவற்றுள் உள்ள படிப்புகளையும் பணிகளையும் விளக்குவதும் அவர் கடமை.

தவறான தகவலின் விளைவுக்கு ஓர் எடுத்துக்காட்டு: அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5% உள் ஒதுக்கீடு, மருத்துவப் படிப்புகளில் 2020 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், பொறியியல், வேளாண்மை, சட்டம் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வழங்கப்பட்டது. இதற்கு 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் 8 ஆம் வகுப்பு வரை படித்துப் பின் அரசுப் பள்ளியில் தொடர்ந்தோருக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே 10 ஆம் வகுப்பு முடித்தவரை இவ்விதியைக் கூறாமல் தனியார் பள்ளிக்கு மாறச் சொல்லும் அறிவுரை, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அவருக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடத்தை இழக்கச் செய்யலாம்.

இசையமைப்பாளர் இளையராஜா பிறந்த ஊர் பண்ணைப்புரமே. அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவில் பெற்ற பட்டறிவு, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற மேற்கத்திய இசை, ஜி. கே. வெங்கடேசிடம் உதவியாளராகப் பணி ஆகிய படிகளுக்குப் பின்னரே 1976 இல் அன்னக்கிளி வெளிவந்தது. அரிய வெற்றி ஒன்றைப் பொது விதியாகக் காட்டுவது முறையன்று. ஆயினும் தொழில் வாழ்க்கை என்பது ஒரே தேர்வின் முடிவன்று, பல ஆண்டுப் பயிற்சியின் தொடர் என்பதை மாணவருக்கு விளக்க இது உதவும்.

பயிற்சியும் குறைபாடுகளும்

தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் வழிகாட்டலிலும் ஆற்றுப்படுத்தலிலும் பட்டயப் படிப்பை நடத்திவந்துள்ளது. வேலைவாய்ப்பு அலுவலர்களின் பயிற்சிக்கென 1964 இல் ஏற்படுத்தப்பட்ட நடுவண் நிறுவனம், பின்னர் தேசிய தொழில்சேவை நிறுவனம் எனப் பெயர் பெற்று நொய்டாவில் இயங்குகிறது. எனினும் பல பள்ளிகளில் பாட ஆசிரியர்களே கூடுதல் பொறுப்பாக வழிகாட்டலைச் செய்கின்றனர். பயிற்சி பெறாதவரும் இப்பெயரைச் சூட்டிக்கொள்ள இயலும். ஆகவே ஒருவரை நாடும் முன் அவரது பயிற்சி யாது, அவருக்கு ஊதியம் தருபவர் யார், அவர் கூறும் தகவலுக்கு அரசாணையோ அறிவிக்கையோ ஆதாரமாக உண்டா என்ற மூன்றையும் கேட்டறிதல் நன்று.

இவற்றையும் பார்க்க

* வேலைவாய்ப்பு அலுவலகம்
* நான் முதல்வன் திட்டம்
* ஆற்றுப்படுத்தல்
* கம்பம் பள்ளத்தாக்கு
* பண்ணைப்புரம்