டி.வி.க்குள் போன் குடிவந்த கதை

வ. புதுப்பட்டியில் பெரியப்பா வீட்டு டி.வி. போன பொங்கலுக்கு யூடியூபைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. படத்தில் ஒரு புள்ளி குறையில்லை. சத்தம் கணீரென்று இருந்தது. எட்டு வயதுகூட நிறையாத பெட்டி. இந்தச் செயலி இந்த டி.வி.யில் இனி இயங்காது என்று திரையில் ஒரு வரி மட்டும் வந்து நின்றது. பெரியப்பா என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "கண்ணு நல்லாத்தான இருக்கு. பின்ன எதுக்குடா குருடுன்னு சொல்றான்?"

பரணில் தேடினேன். தங்கை பிளஸ் டூ படிக்கும்போது 2012-ல் வாங்கிய அரசு இலவச லேப்டாப் கிடைத்தது. விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்த ரகம். பேட்டரி செத்துப் பல காலம். ஆனால் கரண்டில் சொருகினால் உயிர் இருந்தது. பென் டிரைவிலிருந்து புது லினக்ஸ் ஒன்றை ஏற்றி, எச்.டி.எம்.ஐ. வயரை டி.வி.யின் முதுகில் மாட்டினேன். காபி ஆறுவதற்குள் என்று சொல்ல மாட்டேன்; ஒரு மணி நேரம் ஆனது. பாட்டு ஓடியது. டி.வி.யைவிட ஐந்தாறு வயது மூத்த மெஷின் டி.வி.யைச் சுமந்துகொண்டு நின்றது.

முறைப்படி பார்த்தால் கிழம்தானே முதலில் படுத்திருக்க வேண்டும்? இந்தத் தலைகீழுக்குக் காரணம் ஸ்மார்ட் டி.வி.யின் பிறப்பிலேயே இருக்கிறது.

கம்ப்யூட்டர் வீட்டுக்குள் வந்ததே டி.வி.யின் தயவில்தான். 1976-ல் வந்த முதல் ஆப்பிள், வெறும் சர்க்யூட் போர்டு. கீபோர்டும் திரையும் வாங்குபவர் பாடு. நம் நாட்டில் 1984-ல் கிளாஸ் என்ற திட்டத்தில் பள்ளிக்கூடங்களுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோவின் பின்பக்கத்தில், டி.வி.யின் ஆன்டெனா துளைக்கு வயர் இழுக்கவென்றே ஒரு இணைப்பு இருந்தது. தூர்தர்ஷன் தெரிகிற பெட்டியிலேயே புரோகிராமும் தெரியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அன்றைய டி.வி. அப்படிப்பட்ட பிறவி, ஆன்டெனாவில் எது சிக்கினாலும் காட்டும். தூர்தர்ஷனின் கொடைக்கானல் டவர் வருவதற்கு முன்னால் தென்கடலோரத்து வீடுகளில் இலங்கையின் ரூபவாகினி ஓடியதும் அதனால்தான்.

டி.வி.யும் கம்ப்யூட்டரும் பிரிந்தது எழுத்தால். அந்தக் கால டி.வி. 625 கோடுகளை ஒற்றை, இரட்டை என்று இரண்டு தவணையாக வரையும். ஓடுகிற படத்துக்கு அது போதும். அசையாமல் நிற்கும் சின்ன எழுத்தோ நடுங்கும். கம்ப்யூட்டர் தனக்கென்று மானிட்டர் பார்த்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விட்டது.

சேர்த்துவைக்கப் பலர் முயன்றார்கள். 1996-ல் அமெரிக்காவில் வெப் டி.வி. என்ற பெட்டி, டெலிபோன் வயர் வழியே இன்டர்நெட்டை டி.வி.க்குக் கொண்டுவந்தது. மறுவருஷமே மைக்ரோசாஃப்ட் அதை 42.5 கோடி டாலருக்கு வாங்கியது. பெரிதாக எடுபடவில்லை.

எனக்குச் சுவாரசியம் 2010-ல் வந்த கூகுள் டி.வி.தான். உள்ளே இன்டெல் சிப், குரோம் பிரவுசர். கிட்டத்தட்ட முழுக் கம்ப்யூட்டர். சோனி ரிமோட்டிலேயே கீபோர்டைப் பதித்துக் கொடுத்தது. அதைக் கையில் பிடித்தவர்கள் திணறியது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அமெரிக்காவின் பெரிய சேனல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டரில் அவர்கள் இணையதளத்துக்குப் போனால் நாடகம் ஓடும். அதே தளம், அதே பிரவுசர், கூடத்து டி.வி.யில் என்றால் ஓடாது. டி.வி. கம்ப்யூட்டராக முடியாமல் போனதற்கு ரிமோட்டின் மேல் மட்டும் பழி போடுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

பாடம் கற்றவர்கள் அடுத்த தடவை கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் போனைக் கூட்டிவந்தார்கள். 2014-ல் எல்.ஜி. டி.வி.யில் புகுந்த வெப்ஓஎஸ், 2009-ல் பாம் கம்பெனியின் போனுக்காகப் பிறந்தது. அதே 2014-ல் கூகுள் ஆண்ட்ராய்டு டி.வி.யை அறிவித்தது. போனோடு போனின் வீட்டு ஒழுங்கும் வந்தது: செயலியா, கடையில் வாங்கு. கடையில் எது இருக்கலாம், எந்த மாடல் வரைக்கும் ஓடலாம் என்பதைக் கடையை நடத்தும் கம்பெனி தீர்மானிக்கும். போனை மூன்று நான்கு வருஷத்தில் மாற்றுகிறோம், உறைப்பதில்லை. டி.வி.யை நாம் பீரோ மாதிரி வாங்குகிறோம்.

இந்த ஒழுங்கைப் பற்றி நம் நாட்டில் ஒரு வழக்கு நடந்தது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் மற்றச் செயலிகளையும் சேர்த்தே வைக்க வேண்டும், ஆண்ட்ராய்டை மாற்றியமைத்த டி.வி. எதையும் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தங்களைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் புகார் போனது. 2021 ஜூனில் விசாரணைக்கு உத்தரவு. 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய் கட்டி கூகுள் சமரசத்துக்கு வந்தது. இனி இந்தியாவில் பிளே ஸ்டோரைத் தனியாகவும் வாங்கிக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் சாவி போனது டி.வி. செய்கிறவர் கைக்கு, விலை கொடுத்து வாங்கிய பெரியப்பா கைக்கு இல்லை.

அதற்காக டி.வி.யை முழுக் கம்ப்யூட்டராக்கு என்று நான் கேட்க மாட்டேன். அந்தக் கூத்தை ஒரு வாரம் பார்த்துவிட்டேன். ஈஸி சேருக்கும் டி.வி.க்கும் பத்தடி. மவுஸ் அம்பு அரிசியளவு. பெரியப்பா சுளகைக் கவிழ்த்து மடியில் வைத்து அதன்மேல் மவுஸை உருட்டினார். முடைந்த பரப்பில் அம்பு தத்தித் தத்திப் போய்த் திரை ஓரத்தில் காணாமல் போனது. "எங்கடா போச்சு அது?" தேட எழுந்து டி.வி. அருகே போனார், அம்பு தெரிந்தது, மவுஸ் சேரில் கிடந்தது. திரும்பிவந்து உட்கார்ந்தால் மறுபடி அம்பைக் காணோம். ரிமோட்டின் நாலு பொத்தானுக்கு ஈடில்லை. ஜன்னலும் மவுஸும் லேப்டாப்போடு இருக்கட்டும். பென் டிரைவைச் சொருகி வேறொன்றை ஏற்ற விட்டதே, அந்த ஒரு குணம் டி.வி.க்கு வேண்டும். எட்டு வருஷத்தில் கம்பெனி கைவிட்டாலும், தெரிந்தவர் யாராவது புதிதாக ஒன்றை ஏற்றி இன்னும் எட்டு வருஷம் ஓட்டட்டும்.

ஊர் திரும்பிப் பத்து நாளில் பெரியப்பா போன் செய்தார். ஏழு மணி சீரியல் பழையபடி கேபிளில் ஓடுகிறதாம். மதியம் லேப்டாப்பில் பழைய படம் பார்க்கிறாராம். ஒரே ஒரு சிக்கல்.

"சுளகை உங்க பெரியம்மா பிடுங்கிட்டா. மவுஸுக்கு வேற என்னத்தடா வைக்கிறது?"